ஒரு துண்டை வைத்து வரைந்த குழாய்

படம் என்னவோ அழகாகத்தான் இருந்தது. கூட்ட அறைச் சுவர் முழுக்க அதை விரித்துப் போட்டிருந்தார் ஆய்வுக்கூட இயக்குநர் குந்தார்ஸ். நடுவில் பீங்கான் குழாய், அதைச் சுற்றிச் செப்புச் சுருள். குழாய்க்குள் உருகிய ஈயம் நீலமாக நுழைந்து, மஞ்சளாகி, இளஞ்சிவப்பை எட்டுவதற்குள் வெளியே போய்விடுகிறது. ஆபத்தைக் காட்டும் சிவப்பு மருந்துக்குக்கூட இல்லை. படத்தைப் போட்டவள் கணினிக் கணக்குப் போடுகிற விஞ்ஞானி விஸ்மா. அதை வைத்து ஒரு மனுஷனின் கழுத்தை அறுக்கக் கிளம்புவார்கள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"எல்லாரும் பாத்துக்கங்க, நம்ம விஸ்மாவோட கணக்கு," என்றார் குந்தார்ஸ், தான் பெற்ற பிள்ளையைக் காட்டுகிற மாதிரி. "அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு கிலோவாட். அந்த வேகத்துல பவரை ஏத்தினா குழாய் நானூத்திப் பத்து டிகிரியைத் தாண்டாது. அறுநூறு வரைக்கும் தாங்குற குழாய் அது. ஆனா வெடிச்சிடுச்சு. அப்படின்னா என்ன அர்த்தம்? லைமோனிஸ் மளமளன்னு ஏத்தியிருக்காரு. கதை முடிஞ்சுது."

"அவர் மெதுவாத்தான் ஏத்தினேன்னு சொல்றாரே?" என்றாள் விஸ்மா.

"சொல்லாம என்ன செய்வாரு? பவரைப் பதியுற கருவி ரெண்டு நாள் முந்தியே செத்துப்போச்சு. கையால நோட்டுல எழுதி வெச்சிருக்கேங்கறாரு. அதை எப்ப வேணா எழுதலாமே! காளான் சீசன், விஸ்மா. வேன் பின்னால கூடை இருந்ததை ஊரே பாத்துச்சு. சீக்கிரமா முடிச்சிட்டுக் காட்டுக்கு ஓடுற அவசரம், வேற என்ன?"

விஸ்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லைமோனிஸ் இந்த ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருஷமாகக் குழாய் பொருத்துகிறவர். மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தக் குழாய் விரிசல் விட்டுத் தெறித்த ஈயம் அவருடைய இடது கையில் இரண்டு விரலைத் தின்றுவிட்டுப் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஆளுக்கு இவர்கள் கொடுக்கிற வரவேற்பு இது.

"வெக்கமா இல்லையா உங்களுக்கு? கை போன மனுஷன் தலையிலயே பழியையும் கட்டப் பாக்குறீங்களே!"

"நான் கட்டல. உன் படம் கட்டுது," என்றார் குந்தார்ஸ் சாவகாசமாக. "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

"பொய் சொல்லாதுதான். நாம சொல்லிக் குடுத்ததைத் திருப்பிச் சொல்லும். என் படத்துல நீங்க சொல்ற அர்த்தம் எதுவும் இல்லன்னு நான் காட்டுறேன்."

"தாராளமா காட்டு. நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. ரீகாவுலேர்ந்து விசாரணை அதிகாரி மிர்ட்ஸா அம்மா வர்றாங்க. லைமோனிஸை வேலைய விட்டு நீக்குற கடிதத்தை நான் டைப் பண்ணியே வெச்சாச்சு."

கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள். கதவின் மேலிருந்த நாட்காட்டி கீழே விழுந்தது. விழட்டும்.

தன் அறைக்கு வந்து ஜூன் மாதத்துக் கோப்பைத் திறந்தாள். வேலை என்னவென்று கேட்டால் சுலபமாகச் சொல்லிவிடலாம், செய்வதுதான் நாய்படாத பாடு. சுருளில் மின்சாரம் ஓடினால் உள்ளே போகிற ஈயத்தில் தானாகச் சூடு பிறக்கும், நெருப்பு தொடவே வேண்டாம். சூடு ஏறினால் ஈயம் மின்சாரத்தைக் கடத்துகிற விதம் மாறும். அது மாறினால் சூடு பிறக்கிற இடம் மாறும். ஈயமோ ஓடிக்கொண்டே இருக்கிறது, பிறந்த சூட்டை வாரிக்கொண்டு போகிறது. மின்சாரம், சூடு, ஓட்டம் இந்த மூன்றும் ஒத்துப்போகும் வரை கணினி திரும்பத் திரும்பக் கணக்குப் போட வேண்டும். குழாயைப் பல லட்சம் குட்டிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் போட வேண்டும். முழுக் குழாய்க்கும் போட்டால் ஆறு நாள் ஓடும்.

கோப்பு திறந்தது. முதல் வரியைப் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். கோபத்தில் சூடாக இருந்த காது மடல்கள் சட்டென்று ஜில்லிட்டுப் போயின.

முழுக் குழாய் அதில் இல்லை. ஒரு துண்டுதான் இருந்தது. வட்டமான கேக்கில் வெட்டியெடுத்த வில்லை மாதிரி மெல்லிய ஒரு துண்டு. அதற்கு மட்டும் கணக்குப் போட்டு, அதையே சுற்றிச் சுற்றி வைத்து முழு வட்டமாக்கிக் காட்டு என்று கணினிக்குச் சொல்லியிருந்தது. சொன்னது யார்? அவளேதான். குழாய் நேராக இருந்தால், ஈயம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஓடினால், இந்தக் குறுக்கு வழியில் தப்பே இல்லை. உலகத்தில் எல்லாரும் செய்கிறதுதான்.

ஆனால் குழாய் நேராக இல்லையே!

நடுக்கோடையில் வரும் லீகோ திருநாளுக்கு முந்தின நாள் அவளுக்கு நினைவு வந்தது. பாதிப் பேர் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள், மிச்சப் பேர் ஓக் இலை மாலையைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பத் தவித்தார்கள். செஸிஸில் அக்கா வீட்டில் தீ மூட்டி விடிய விடியப் பாட்டு. ரீகாவுக்குப் போய் அங்கிருந்து இரண்டு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். பதினொரு மணிக்கு லைமோனிஸ் வந்து நின்றார், கையில் துணியில் சுற்றிய சீஸ்.

"சீமைச்சீரகம் போட்டது. என் வீட்டுக்காரி வெல்டா செஞ்சா, உனக்கு ஒரு துண்டு குடுத்தனுப்பினா. அப்புறம் ஒரு விஷயம்மா. புது கிரேன் தூண் குறுக்க நிக்குது. ஈயம் வர்ற குழாயை நேரா கொண்டாற முடியல. சுருளுக்கு ஒரு சாண் முந்தி ஒரு எல்போ போட்டு வளைச்சிருக்கேன். உன் கணக்குல அதைச் சேத்துக்க."

"சரி சரி, சேத்துக்கறேன்," என்றாள் விஸ்மா, சீஸைக் கடித்துக்கொண்டே. கண் கடிகாரத்தில் இருந்தது.

எல்போவைச் சேர்த்தால் துண்டு உதவாது. வளைவில் திரும்புகிற ஈயம் வெளிப்பக்கமாக ஒதுங்கி ஓடும், உள்பக்கம் தேங்கி நிற்கும். தேங்குகிற இடத்தில் சூடு ஏறிக்கொண்டே போகும். முழுக் குழாய்க்கும் கணக்குப் போட வேண்டும், ஆறு நாள். துண்டு என்றால் நாற்பது நிமிஷம். இப்போதைக்கு நேர்க்குழாய்க்கு ஒரு துண்டைப் போட்டு வைப்போம், திருநாள் முடிந்து வந்து முழுசாகப் போடுவோம் என்று நினைத்தாள். பொத்தானைத் தட்டினாள். நாற்பது நிமிஷத்தில் அழகான படம் வந்தது. குந்தார்ஸுக்கு அனுப்பிவிட்டு ரயிலைப் பிடித்தாள்.

திரும்பி வந்தபோது படம் அறிக்கையில் அச்சாகியிருந்தது. எல்லாரும் பாராட்டினார்கள். அவள் மறந்தே போனாள்.

காளான் பறிக்கிற அவசரமாம்! விஸ்மா மேசையில் ஓங்கிக் குத்தினாள். காப்பிக் கோப்பை கவிழ்ந்தது. "ச்சீ," என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள், வாய்விட்டு. "ச்சீ, நீயெல்லாம் அந்த ஆளுக்காகக் கதவை அறைஞ்சிட்டு வர்றவளா!"

கீழே உலைக்கூடத்துக்குப் போனாள். லைமோனிஸ் மருத்துவ விடுப்பில் இருந்தும் தினமும் பஸ் பிடித்து வந்து தன் மேசையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தாள். உட்கார்ந்துதான் இருந்தார். கட்டுப் போட்ட இடது கை மடியில். எதிரே ஒரு தகரத் தட்டில், உடைந்த குழாயின் சில்லுகளைப் பொருத்தி வைத்திருந்தார்.

"பாக்க வந்தியா டாக்டரம்மா? பாரு பாரு. உங்க மேல்மாடியில படம் மட்டும்தான் பாப்பீங்கன்னு நெனச்சேன்."

குனிந்து பார்த்தாள். சில்லுகளில் பாதி பால் வெள்ளை. மறுபாதி கருகிப் பழுப்பேறியிருந்தது. கருகின பக்கம், எல்போவின் உள்வளைவுக்கு நேராக வருகிற பக்கம். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

"இதைக் காட்டலையா அவங்ககிட்ட?"

"காட்டினேனே. வேகமா சூடேத்தினா இப்படித்தான் கருகும்னு குந்தார்ஸ் சொல்லிட்டாரு. அவருக்குத் தெரியாதது உண்டா! எங்க வெல்டாவே கேக்குறா தெரியுமா? 'ஏன்யா, காட்டுக்குப் போற அவசரத்துல எதாவது...'ன்னு. இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவ. அன்னிக்குக் காலையிலதான் அந்தக் கூடையை வெச்சு எங்களுக்குள்ள சண்டை. இப்ப நான் என்ன சொன்னாலும் அவ மூஞ்சியப் பாத்தா தெரியுது, நம்பல." அவர் ஒரு சில்லைத் திருப்பி வைத்தார். "நாளைக்கு நாட்காட்டியில என் பேரு வேற வருது, என் பெயர்நாள். வருஷா வருஷம் இந்த மேசையில கேக் வெப்பேன். நாளைக்கு எவன் வரப்போறான்?"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளுக்குள் முட்டியது. வாய் வரை வந்தது. விஸ்மா அதை விழுங்கிக்கொண்டாள். "நான் வர்றேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினாள். அந்தப் படிகளில் ஏறும்போது தன்மேல் அவளுக்கு வந்த கோபம் குந்தார்ஸ் மேல்கூட வந்ததில்லை.

முழுக் கணக்குக்கு நேரமில்லை. கட்டங்களைப் பெரிதாக்கி, எல்போவைச் சேர்த்து, ஒரு முரட்டுக் கணக்கை ஓட விட்டாள். காலையில் வந்து பார்த்தபோது முடிந்திருந்தது. துல்லியம் போதாதுதான். ஆனால் குழாயின் ஒரு பக்கத்தில், சில்லு கருகியிருந்த அதே இடத்தில், கத்தரிக்காய் அளவுக்கு ஒரு சிவப்புத் திட்டு. அறுநூற்று நாற்பது டிகிரி. அதுவும் மெதுவாக, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கிலோவாட் ஏற்றியபோதே.

அன்று காலை ஸ்டேஷன் வாசலில் லைமோனிஸின் பெயர்நாளுக்காக ஐந்து ஆஸ்டர் பூ வாங்கியிருந்தாள். அவற்றையும் படத்தையும் கையில் பிடித்துக்கொண்டு கூட்ட அறைக்கு நடந்தபோது வாசலிலேயே குந்தார்ஸ் மடக்கினார். படத்தை வாங்கிப் பார்த்தார். முகம் ஒரு நொடி சுருங்கி, பிறகு தெளிந்தது.

"நல்லதுதான்," என்றார் தாழ்ந்த குரலில். "இதைச் சொல்லு. ஆனா எல்போ போட்ட விஷயம் உனக்குத் தெரியாது. சரியா? எழுத்துல உனக்கு ஒண்ணும் வரலையே? வரைபடத்துல நேர்க்குழாய்தானே இருந்துச்சு? நீ அதுக்குக் கணக்குப் போட்ட. இவர் யாருக்கும் சொல்லாம வளைச்சு வெச்சுட்டாரு. உன் மேல ஒரு தூசி படாது."

"அப்ப லைமோனிஸ்?"

"அவர் எப்படியும் போறவர்தானே, விஸ்மா. உன் துறையில நாலு பேர் உன்னை நம்பி இருக்காங்க. யோசி."

யோசித்தாள். பொய் சொல்லி என்ன பிரயோசனம், நிஜமாகவே யோசித்தாள். எழுத்தில் ஒன்றும் வரவில்லைதான். கேட்டதற்குச் சாட்சி கிடையாது. அவளும் லைமோனிஸும் ஒரு சீஸ் துண்டும், அவ்வளவுதான்.

உள்ளே மிர்ட்ஸா அம்மா கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். அறுபது வயது, ஜலதோஷம், நிறையப் பேசாத பெண்மணி. மேசையில் காப்பி, கேக், ஆதாரங்களாக வந்த காகிதக் கட்டு. கட்டின் அடியில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டு. மேசைக் கோடியில் லைமோனிஸ், இருக்கிற ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு.

விஸ்மா எழுந்து நின்றாள். புதுப் படத்தைச் சுவரில் போட்டாள். பேச வந்த வார்த்தைகள் எல்லாம் தொழில் வார்த்தைகளாகவே வந்து தொலைத்தன. மிர்ட்ஸா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எனக்குப் புரியலையேம்மா," என்றார்.

விஸ்மா மேசையிலிருந்த கேக்கைக் கிட்டே இழுத்தாள்.

"இந்தக் கேக் ஒரு பக்கம் கருகியிருக்குன்னு வைங்க. நான் கருகாத பக்கத்துல ஒரு துண்டை மட்டும் வெட்டிப் பாக்குறேன். நல்லா இருக்கு. உடனே, முழுக் கேக்கும் இப்படித்தான் இருக்கும்னு எழுதிக் குடுத்துடுறேன். ஜூன் மாசம் நான் பண்ணினது இதுதான். இத்தனை நாளா இவர் மேல நீங்க பழி போட்டது அந்தத் துண்டை நம்பி. குழாய் வெடிச்சது இவர் அவசரப்பட்டதால இல்ல. இவர் எவ்வளவு மெதுவா ஏத்தியிருந்தாலும் வெடிச்சிருக்கும்."

குந்தார்ஸ் தொண்டையைச் செருமினார்.

"ஒரு விஷயம் தெளிவாகணும், அம்மா. எல்போ பின்னால சேத்தது. விஸ்மாவுக்கு அதை யாரும் தெரிவிக்கல. இல்லையா விஸ்மா?"

மிர்ட்ஸா அவளை நிமிர்ந்து பார்த்தார். "தெரிவிச்சாங்களா?"

லைமோனிஸ் அவளைப் பார்க்கவில்லை. தன் கட்டுப்போட்ட கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஸ்மாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "தெரிவிச்சாரு!" என்று கத்தினாள். "லீகோவுக்கு முந்தின நாள், காலையில பதினோரு மணிக்கு, என் ரூமுக்கே வந்து தெரிவிச்சாரு. எல்போ போட்டிருக்கேன், கணக்குல சேத்துக்கன்னு சொன்னாரு. சரின்னேன். ரெண்டு மணி ரயிலைப் பிடிக்கணும்னு சேக்காம விட்டேன். அவசரம் அவசரம்னீங்களே குந்தார்ஸ், எனக்குத்தான் அவசரம்! காட்டுக்கு ஓட இல்ல, தீ மூட்டிப் பாட்டுப் பாட! போதுமா?"

"எழுத்துல இல்லையே..." என்று முனகினார் குந்தார்ஸ்.

"இருக்கு," என்றார் லைமோனிஸ்.

அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது. எழுந்து வந்து, காகிதக் கட்டின் அடியிலிருந்து அந்த நோட்டை வலது கையால் உருவி, மிர்ட்ஸாவின் முன்னால் போட்டார். கேக் தட்டு அதிர்ந்தது.

"ஜூன் இருபத்திரெண்டைப் பிரிங்கம்மா. சத்தமா வாசிங்க. அவருக்குக் காதுல விழணும்."

மிர்ட்ஸா பக்கங்களைப் புரட்டினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். "காலை ஒன்பது இருபது, எல்போ பற்றவைத்து முடிந்தது. பதினொரு மணி, எல்போ பற்றி விஸ்மாவிடம் சொன்னேன். சரி என்றாள்."

"இப்ப விபத்து நாளை வாசிங்க."

"பத்து ஐந்து, நாலு கிலோவாட். பத்து பத்து, ஐந்து. பத்து பதினைந்து, ஆறு..." வரிசையாக ஐந்து ஐந்து நிமிஷமாகப் போயிற்று. கடைசி வரி பாதியில் நின்றிருந்தது. அந்தப் பக்கத்தின் ஓரம் கருகியிருந்தது.

"மூணு வாரமா அந்த நோட்டு இதே மேசையிலதான் கிடக்கு," என்றார் லைமோனிஸ். "கருகின பக்கத்துல பின்னால உக்காந்து எவன்யா எழுத முடியும்? ஒருத்தன்... ஒரே ஒருத்தன் பிரிச்சுப் பாத்தீங்களா? கலர் கலரா படம் இருக்கும்போது இவன் கிறுக்கின நோட்டு எதுக்குன்னுதானே!" அவர் விஸ்மாவின் பக்கம் திரும்பினார். "நீ பிரிச்சியா?"

"இல்ல," என்றாள் விஸ்மா.

மிர்ட்ஸா, டைப் செய்து வைத்திருந்த கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். முழுக் கணக்கும் முடியும் வரை உலையைத் தொடக் கூடாது என்றார். குந்தார்ஸும் விஸ்மாவும் நடந்ததைத் தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். பிறகு மூக்கைச் சிந்தினார்.

முற்றத்தில் விஸ்மா ஓடிப்போய் லைமோனிஸைப் பிடித்தாள். பூக்கள் இன்னும் அவள் கையிலேயே இருந்தன, தண்டுகள் நசுங்கியிருந்தன.

"மன்னிச்சிடுங்க. நேத்தே சொல்லியிருக்கணும். கீழ வந்தப்பவே..."

"சீஸ் நல்லா இருந்துச்சா?"

அவள் விழித்தாள். "ஆங்?"

"அன்னிக்குக் குடுத்த சீஸ். நல்லா இருந்துச்சான்னு கேட்டேன்."

"இருந்துச்சு."

"செஞ்சவகிட்ட வந்து சொல்லு. எங்கிட்ட மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப்போகுது? நான் மெதுவாத்தான் ஏத்தினேன்னு எனக்குத் தெரியும். என் வீட்டுல தெரியாது." அவர் கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்து அவளிடம் எறிந்தார். "இன்னிக்கு என் பெயர்நாள். யாரையும் கூப்பிடுற வழக்கம் இல்ல, வர்றவங்க வரலாம். வண்டியை நீ ஓட்டு. எனக்கு இன்னும் கை சரியாகல."

விபத்து நடந்த நாளிலிருந்து அங்கேயே நின்ற வேன். மேலெல்லாம் மேப்பிள் இலை ஒட்டிக்கிடந்தது. பின்னால் காளான் கூடை காலியாக உருண்டு கிடந்தது.

கதவைத் திறந்த வெல்டாவின் முழங்கை வரை மாவு. உள்ளிருந்து ஏலக்காயும் குங்குமப்பூவும் மணத்தன. யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்தும் கேக் சுட்டிருக்கிறாள். பூக்களைப் பார்த்ததும் சிரிக்கப் போனவள், விஸ்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

விஸ்மா பூவை நீட்டவில்லை. முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"அவசரப்பட்டது இவர் இல்ல வெல்டா. நான்."

வெல்டா அவளைப் பார்க்கவே இல்லை. மாவுக் கையோடு அப்படியே புருஷனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.